பூசாத ஒரு சாண்

பட்டறையை விட்டு நின்று ஒரு வருஷம் ஆகிறது. வலது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி குறைந்து, சுத்தியல் நழுவத் தொடங்கியதும் நானாகவே நின்றுகொண்டேன். இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை. ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. பாளையங்கோட்டையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சாலையில் இருக்கிறது பட்டறை. முன்பு மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் நின்ற இடத்தில் இப்போது மோட்டார்கள் நிற்கின்றன.

போன வாரம் ஒரு மோட்டார் பஸ் வர்ணம் பூச வந்திருந்தது. அதன் மரச்சட்டத்தில் ஒரு தூணை ஒடிந்த இடத்தில் சில வருஷம் முன்பு ஒட்டியவன் நான்தான். ஒட்டின இடத்தில் ஒரு சாண் அளவுக்கு வர்ணம் இல்லாமல், வெறும் எண்ணெய் தேய்த்த மரமாக விட்டிருந்தேன். பட்டறையில் இப்போது இருக்கிற இளவட்டங்கள் அதைச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணாச்சி, இது ஒங்க வேலைதானே? ஏன், பெயிண்டு தீந்து போச்சா?"

"பழைய மேஸ்திரி டப்பாவ எண்ணிப் பூட்டி வச்சிருப்பாராம்லா. அண்ணாச்சி என்ன செய்வாரு பாவம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த தமிழில் அதை எழுதி வைக்கிறேன்.

நான் பட்டறையில் சேர்ந்தபோதே எனக்கு மீசை முளைத்திருந்தது. அதற்கு முன் பஞ்சு மில்லில் மூட்டை தூக்கினேன். முதல் இரண்டு வருஷம் உலை ஊதினேன், மரம் அறுத்தேன். அடுத்த மூன்று வருஷத்தில் சக்கரத்துக்கு ஆரக்கால் சீவவும், இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டவும் கற்றுக்கொண்டேன். இதற்குமேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான்.

மேஸ்திரியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் பெயர் தாவீது. பட்டறை அவருடையது. வண்டி கொண்டுவருகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கமாட்டார். வண்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். "எங்கன இடிச்சது?" என்று அவர் கேட்டால் வண்டியிடம் கேட்கிற மாதிரி இருக்கும். மனசு சந்தோஷமாக இருந்தால் எங்களை "ஏலே" என்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், மரியாதை வந்துவிடும். ஒருநாள் ஒருவன் சக்கரத்தின் கடையாணியைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டான். "ரொம்ப அழகா அடிச்சிருக்கிய. கொஞ்சம் உக்காருங்க, களைச்சிருப்பிய" என்றார் மேஸ்திரி. அவன் அன்று மத்தியானம் சோற்றைத் தொடவில்லை.

இடிபட்ட வண்டி வந்தால் அவர் பார்க்கிற முறை இது. முதலில் சக்கரங்களைக் கழற்றி அச்சை வெளியே எடுப்பார். அதை மண்ணெண்ணெயில் ஒரு பகல் முழுக்க ஊறப்போடுவார். பிறகு துணியால் சுத்தமாகத் துடைத்து, நீர்த்த சுண்ணாம்பை மெல்லிசாகப் பூசிக் காயவிடுவார். காய்ந்ததும் சிறு சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தட்டிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்காவது இருந்தால், உள்ளே போன எண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையின்மேல் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். கோடு தெரிந்தால் அந்த அச்சு அவ்வளவுதான். யார் கெஞ்சினாலும் மாட்டமாட்டார்.

மரத்துக்கு வேறு முறை. குதிரையைப் பூட்டுகிற நீளக் கட்டைதான் ஏர்க்கால். ஒடிந்த ஏர்க்காலை இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்குச் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து, வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, மர ஆணி அடிப்போம். இரும்புப் பூண் போடமாட்டார். பூண் துருப்பிடித்து மரத்தைத் தின்றுவிடும் என்பார். வேலை முடிந்து வார்னிஷ் பூசும்போது, ஒட்டின இடத்தில் மட்டும் ஒரு சாண் விட்டுவிட வேண்டும். அங்கே நல்லெண்ணெய் மட்டும் தேய்க்கலாம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "தொட்டுப் பாரும்" என்பார். அவர் தொட்ட பிறகுதான் வண்டி வெளியே போகும்.

ஊரில் இதைக் கேலி பேசுவார்கள், தாவீது மேஸ்திரி வார்னிஷில் மிச்சம் பிடிக்கிறார் என்று. அவர் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. எங்களுக்கும் சொன்னதில்லை. நானும் அதைப் பட்டறையின் வழக்கம் என்று நினைத்துத்தான் பல வருஷம் செய்தேன்.

சீமையில் பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் மீராசாவின் வண்டி வந்தது.

மீராசா மேலப்பாளையத்துக்காரர். ரயிலடியில் குதிரைவண்டி ஓட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் ஓயாது. ஸ்டேஷனில் இறங்குகிறவர்களின் பெட்டியைப் பார்த்தே அவர்கள் எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று சொல்லுவார். அவருக்கு முழங்கால் இரண்டும் வீங்கி, வண்டியில் ஏறி இறங்க முடியாமல் போய்விட்டது. ரயிலடிக்கு எதிரே ஒரு சின்னப் பெட்டிக்கடையை அதன் சொந்தக்காரர் விட்டுவிட்டு மதுரைக்குப் போவதாக இருந்தார். குதிரையையும் வண்டியையும் விற்று அந்தக் கடையை எடுப்பது என்று மீராசா முடிவு செய்தார். திசையன்விளையிலிருந்து கருப்பட்டி வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, விலை பேசி, அச்சாரமும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மாதக் கடைசிக்குள் பணம் கொடுத்தால் கடை மீராசாவுக்கு. இல்லாவிட்டால் வேறொருவர் காத்திருந்தார்.

வியாபாரி வருவதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, ஆற்றுப் பாலத்தின் இறக்கத்தில் ஒரு மோட்டார் பின்னாலிருந்து வந்து வண்டியை இடித்தது. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பண்ணையார் ஒருவருடைய மோட்டார். அப்போது ஜில்லா முழுவதிலும் மோட்டார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. மீராசாவுக்குத் தோளில் சிராய்ப்பு. வண்டியின் இடது ஏர்க்கால் ஒடிந்து, ஒரு சக்கரத்தில் இரண்டு ஆரக்கால்கள் முறிந்தன. பண்ணையார் நல்ல மனுஷர். அவரே இறங்கி வந்து, ஆட்களை வைத்து வண்டியை எங்கள் பட்டறைக்குத் தள்ளிவரச் செய்து, "செலவு எவ்வளவு ஆனாலும் என்னோடது. முன்னே இருந்த மாதிரி ஆக்கிக் குடுத்திரும்" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அச்சை ஊறப்போட்டுச் சுண்ணாம்பு பூசித் தட்டிப் பார்த்தோம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. மீராசா பக்கத்தில் உட்கார்ந்து, "அல்லா காப்பாத்தினான்" என்றார். ஆரக்கால்கள் புதிது போட்டேன். ஏர்க்காலுக்கு அந்த நீளத்தில் காய்ந்த தேக்கு கிடைக்கவில்லை. பச்சை மரம் போட்டால் வளைந்துவிடும். ஆகவே ஒட்டினேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒட்டுகளில் அதுதான் நல்லது என்று இன்றைக்கும் சொல்லுவேன். நகத்தை ஓட்டினால்கூடத் தட்டாது.

வார்னிஷ் பூசுகிற நாளில் மேஸ்திரி பட்டறையில் இல்லை. நாசரேத்தில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் பூசிக்கொண்டே வந்து, ஒட்டு வந்ததும் தூரிகையை எடுத்துவிட்டேன். மீராசா பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்வே நிறுத்திட்டீரு?"

"இங்கன பூசுதது இல்ல, அண்ணாச்சி. பட்டற வழக்கம்."

அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஞானமுத்து, நான் சொல்லுதத கேளும். அந்த ஒட்டு தாங்குமா தாங்காதா?"

"குதிர சாகும், ஒட்டு விடாது."

"பெறவு என்ன? அந்த வியாபாரி இதப் பாத்தாருன்னா அடிபட்ட வண்டின்னு வெலய அறுத்துப்போடுவாரு. கட போயிரும். இந்த முழங்கால வச்சுக்கிட்டு நான் எங்கன போக? நீரு பொய் சொல்ல வேண்டாம்வே. ஒரு இழுப்பு இழுத்து விட்டிரும், போதும்."

எனக்கு முகத்துக்கு நேரே 'மாட்டேன்' என்று சொல்ல வராது. அது ஒன்று. மற்றொன்று, அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று எனக்கு அப்போது தெரியவில்லை. ஒட்டு நல்ல ஒட்டு. வாங்குகிறவருக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது. தூரிகையைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். அந்த ஒரு சாணும் மறைந்துபோனது. மீராசா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேஸ்திரி மூன்றாம் நாள் காலையில் வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். இடது ஏர்க்கால் பக்கம் வந்ததும் நின்றார். குனிந்து பார்த்தார். பொடி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நல்லா பூசியிருக்கிய, ஞானமுத்து" என்றார். "ஒங்களுக்குத் தெரியாததா."

அவ்வளவுதான். உலைப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்னை அவர் 'நீங்கள்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று பத்து மணிக்கே திசையன்விளை வியாபாரி வந்துவிட்டார். கறுத்து மெலிந்த மனுஷர். தோளில் சிவப்புத் துண்டு. மீராசா கொண்டுவந்து கட்டியிருந்த குதிரையின் பல்லைப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். ஏர்க்காலின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஒட்டின இடத்தையும் தடவினார். கை நிற்கவில்லை.

"போன தடவைக்கு இப்போ நல்லா மினுங்குதே!" என்றார்.

"ஒங்களுக்காகத்தான் பூசச் சொன்னேன், அண்ணாச்சி" என்றார் மீராசா. அவர் குரல் வழக்கத்துக்கு மேல் சத்தமாக இருந்தது.

வியாபாரி பணம் முடிந்திருந்த மடியை அவிழ்க்கத் தொடங்கினார். மேஸ்திரி வழக்கமாக இந்த இடத்தில்தான் "தொட்டுப் பாரும்" என்பார். அன்று அவர் திரும்பவே இல்லை. தொட்டுப் பார்க்க இடம் இல்லையே. வியாபாரியின் கை வேலை செய்கிற கை. உள்ளங்கை முழுவதும் காய்ப்பு. அந்தக் கையால் தடவியும் அவருக்குத் தெரியாதபடி செய்தவன் நான். மரம் சுரண்டுகிற கண்ணாடித் துண்டு ஒன்று பலகையில் கிடந்தது. அதை எடுத்து, ஏர்க்கால் பக்கத்தில் மண்டியிட்டு, சுரண்டத் தொடங்கினேன்.

"என்னவே செய்யுதீரு? புது வார்னிஷ்லா!" என்றார் வியாபாரி.

நான் நிமிரவில்லை. வார்னிஷ் சுருள் சுருளாக உதிர்ந்தது. ஒரு சாண் தூரம் சுரண்டினதும் சாய்வான கோடு தெரிந்தது. வியாபாரி குனிந்து பார்த்தார். கட்டைவிரலால் தடவினார்.

"ஒட்டா? அடிபட்டதா?"

"ஆமா. மோட்டார் இடிச்சது. நான்தான் ஒட்டினேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. மடியை மறுபடியும் முடிந்துகொண்டார். "வேல நல்ல வேலதான். எனக்குக் கண்ணு இருக்கு. ஆனா நாளைக்கு நான் விக்கப் போனா, வாங்குதவன் இந்த எடத்தத்தான் பாப்பான். பேசின வெலைல மூணுல ஒரு பங்கு கொறைச்சுக்கிட்டா எடுத்துக்கிடுதேன். இல்லேன்னா அச்சாரத்த தந்திரும். டவுண்ல எனக்கு ஒரு வாரம் சோலி இருக்கு. யோசிச்சுச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீராசா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பூசினதும் நீரு, சுரண்டினதும் நீரு" என்றார். "சுரண்டத்தான் போறீருன்னா எனக்கு எதுக்குவே பூசினீரு? ரெண்டு நாளு நான் கடக்காரனா இருந்தேன்வே."

முதலிலேயே 'முடியாது' என்று சொல்லியிருந்தால் அவர் என்னைத் திட்டிவிட்டு வேறு வழி பார்த்திருப்பார். என் கூச்சத்தை நான் இரக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ராத்திரி எனக்கு ஒன்று தோன்றியது. பண்ணையார் பழுது பார்த்த செலவைக் கொடுத்தார். ஆனால் வண்டியிலிருந்து போனது ஏர்க்கால் மட்டும் அல்லவே. மூன்றில் ஒரு பங்கு விலையும் போயிருக்கிறது. அதை யார் கொடுப்பது? காலையில் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் முகம் பார்க்காமல், "போயிட்டு வாங்க" என்றார். பண்ணையார் எங்கள் பட்டறைக்குப் பெரிய வாடிக்கை. போக வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மீராசாவும் நானும் ரயிலில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனோம். எதிரெதிரே உட்கார்ந்தும் அவர் என்னோடு பேசவில்லை. பக்கத்தில் இருந்தவர்களோடெல்லாம் பேசினார். அங்கிருந்து வாய்க்கால் கரையோடு ஒரு மைல் நடை. அவர் முழங்காலுக்காகப் பைய நடந்தோம். கார்ப் பருவ நெல் அறுவடை முடிந்த சமயம். பண்ணையார் களத்தில் நின்று நெல் அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாயபு, வண்டி ஓடுதா?"

"ஓடுது முதலாளி."

"முன்ன மாதிரி ஓடுதா?"

"முன்ன மாதிரிதான்."

"பெறவு என்ன குறை?"

மீராசா சொன்னார். விலை குறைந்த கதையைக் கேட்டதும் பண்ணையாரின் கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டார். "பழுதும் பாத்துக் குடுத்து, வெலக் கொறைச்சலும் குடுக்கணுமா? ஒமக்குக் கண்ணு பட்டதுக்கும் சேத்துக் கேளும்வே!"

பண்ணையார் என் பக்கம் திரும்பினார். "நீருதானே ஒட்டினவரு? ஒம்ம வேல மேல ஒமக்கே நம்பிக்க இல்லையா?"

களத்தில் இருந்த ஆட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மேஸ்திரியைப்போல யார் முகத்தையும் பார்க்காமல், நெல் குவியலைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

"வேல நல்ல வேலதான் அய்யா. இருபது வருசம் ஓடும். ஆனா ஒண்ணு கேக்கேன். ஒரே மாதிரி ரெண்டு வண்டி நிக்கி. ஒண்ணுல அடிபடாத ஏர்க்கால். ஒண்ணுல நான் ஒட்டின ஏர்க்கால். வெல ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஒங்க வீட்டுப் பிள்ளைங்க ஏறிப் போறதுக்கு நீங்க எத எடுப்பிய?"

கணக்குப்பிள்ளை ஏதோ சொல்ல வந்தார். பண்ணையார் கையைக் காட்டி நிறுத்தினார். குவியலில் ஒரு பிடி நெல்லை அள்ளிக் கீழே விட்டார்.

"அடிபடாதத்தான் எடுப்பேன்" என்றார்.

"அந்த வித்தியாசத்தத்தான் இவரு கேக்காரு அய்யா."

அவர் மீராசாவின் முழங்காலைப் பார்த்தார். பிறகு, "ரூவா தரமாட்டேன். தந்தா மோட்டார் தட்டினா வெலையும் தரணும்னு ஊருல ஒரு பேச்சாயிரும். இது களத்து நெல்லு. இத நான் யாருக்குக் குடுத்தாலும் கேக்க ஆளு கெடயாது" என்று சொல்லிவிட்டு, கணக்குப்பிள்ளையிடம் மூட்டை பிடிக்கச் சொன்னார்.

கேட்டதில் முக்கால் பங்குக்கு வந்தது அந்த நெல். திரும்பும்போது ரயிலில் மீராசா பக்கத்தில் இருந்தவர்களிடம், "இவரு இருக்காரே, வருசத்துக்கு ஒரு தடவதான் பேசுவாரு. ஆனா பேசினா நெல்லு விளையுது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் பட்டறைக்குள் நுழைந்தபோது மேஸ்திரி உலையருகில் இருந்தார். "ஏலே ஞானமுத்து, அந்தப் பட்டைய எடு" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

திசையன்விளை வியாபாரி குறைத்த விலைக்கே வண்டியை எடுத்துக்கொண்டார். போகும்போது அந்த ஒரு சாணை மேஸ்திரி சொல்லாமலே தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். நெல் விற்ற பணமும் சேர்ந்து கடைக்கு மாதக் கடைசியில் கொடுக்க முடிந்தது. குறைந்துபோன கால் பங்குதான் மற்றச் செலவில் துண்டு விழுந்தது. கடையின் கதவுப் பலகைகள் உளுத்துக் கிடந்தன. அவற்றை மாற்ற மீராசாவிடம் கையில் ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்து, நான் ரம்பமும் இழைப்புளியும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒதுங்கி இடம் விட்டார். நான்கு பலகைகளைப் பட்டறையில் மிஞ்சின மரத்தில் செய்தேன். ஐந்தாவதுக்கு மரம் போதவில்லை. ஒட்டினேன்.

வர்ணம் பூச எடுத்ததும் மீராசா உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன்வே, அதையும் பூசிட்டுச் சுரண்டப் போறீரா?"

வார்னிஷைச் சுரண்டின நாளிலிருந்து அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் கேலி அது. நான் தூரிகையை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

மீராசா இன்னும் அந்தக் கடையில்தான் இருக்கிறார். காலையில் பலகைகளைக் கழற்றும்போது அந்த ஐந்தாவது பலகையைப் பூசாத இடத்தில்தான் பிடிக்கிறார். எண்ணெயும் கையும் பட்டு அந்த இடம் இப்போது மற்ற இடத்தைவிடக் கறுப்பாக இருக்கிறது. பட்டறைப் பையன்கள் வெற்றிலை வாங்க அங்கேதான் போகிறார்கள். அடுத்த தடவை போகும்போது அதைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கட்டும். பெயிண்டு தீர்ந்துபோகவில்லை.